போட்டியை வெறுத்தவர், சந்தையை வென்றவர்: பாதுகாப்பு ரேசரை உலகுக்குத் தந்த கிங் ஜில்லெட்டின் வாழ்க்கை

இந்தியாவின் எந்த ஊர்ப் பெட்டிக்கடையிலும் சில ரூபாய்க்குக் கிடைக்கும் இருபுறக் கூர் கொண்ட சவர பிளேடு, ஒரு காலத்தில் செய்யவே இயலாத பொருள் என்று வல்லுநர்களால் ஒதுக்கப்பட்டது. காகிதம் போன்ற மெல்லிய எஃகுத் தகட்டில் முகம் மழிக்கும் அளவுக்குக் கூர் ஏற்றுவது நடவாத காரியம் என்பதே அன்றைய உலோகவியலாளர்களின் கருத்தாக இருந்தது. அதை ஏற்க மறுத்து, 8 ஆண்டுகள் விடாது முயன்று, அந்தப் பொருளைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்காவைச் சேர்ந்த கிங் கேம்ப் ஜில்லெட்.

உலகின் பெரும் தொழில் நிறுவனங்களுள் ஒன்றுக்குத் தம் பெயரைத் தந்த அவர், தொழில் போட்டியே மனித குலத்தின் துன்பங்களுக்கு வேர் என்று வாழ்நாள் முழுவதும் நம்பினார். அந்த நம்பிக்கையை விளக்கி நூல்கள் எழுதினார். கோடிக்கணக்கான பிளேடு உறைகளில் தம் முகம் அச்சாகி உலகெங்கும் பரவிய பின்பும், இறுதிக் காலத்தில் தம் செல்வத்தின் பெரும்பகுதியை இழந்தார்.

தீயில் அழிந்த தொழில்

ஜில்லெட் 1855-ஆம் ஆண்டு ஜனவரி 5-ஆம் தேதி, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள ஃபான் டு லாக் என்ற ஊரில் பிறந்தார். கிங் என்பது பட்டமன்று. பெற்றோர் சூட்டிய பெயரே அது. கேம்ப் என்பது தாய்வழிக் குடும்பப் பெயராகும். அவர் சிறுவனாக இருந்தபோதே குடும்பம் சிகாகோ நகருக்குக் குடிபெயர்ந்தது.

அவருடைய வீடு கண்டுபிடிப்புகளில் நாட்டம் கொண்ட வீடாக இருந்தது. தந்தை ஜார்ஜ் ஜில்லெட் வணிகத்தோடு புதிய கருவிகளை உருவாக்குவதிலும் ஈடுபட்டார். சகோதரர்களும் அவ்வழியே சென்றனர். தாயார் ஃபேனி லெமைரா ஜில்லெட் சமையற்கலையில் தேர்ந்தவர். 1887-ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய வெள்ளை மாளிகைச் சமையல் நூல், பல பதிப்புகளைக் கண்டு அமெரிக்க இல்லங்களில் நெடுங்காலம் புழங்கியது. ஒரு பொருள் எப்படி இயங்குகிறது, அதை இன்னும் எளிதாக்குவது எப்படி என்று எண்ணிப் பார்க்கும் பழக்கத்தைப் பிள்ளைகள் அந்த வீட்டிலேயே பெற்றனர்.

1871-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் சிகாகோ நகரைப் பெருந்தீ சூறையாடியது. ஏறத்தாழ 300 பேர் உயிரிழந்தனர்; சுமார் 1 லட்சம் பேர் வீடிழந்தனர். ஜில்லெட் குடும்பத்தின் வணிகமும் அந்தத் தீயில் அழிந்தது. அப்போது கிங் ஜில்லெட்டுக்கு வயது 16. படிப்பைத் தொடரும் வாய்ப்பு அத்துடன் முடிந்தது. இரும்புச் சாமான் விற்கும் நிறுவனத்தில் பணிக்குச் சேர்ந்த அவர், விரைவிலேயே ஊர் ஊராகச் சென்று பொருள்களை விற்கும் விற்பனைப் பிரதிநிதியானார்.

அடுத்த 30 ஆண்டுகளுக்கு மேலாக ரயில் பயணமும் விடுதி அறையும் கடைக்காரர்களுடனான பேச்சும்தான் அவருடைய வாழ்க்கை. இடையில் சில சிறு கருவிகளுக்குக் காப்புரிமையும் பெற்றார். எனினும், அவற்றை வணிகமாக்கத் தேவையான பணமோ நேரமோ அவரிடம் இல்லை. 1890-ஆம் ஆண்டு அட்லாண்டா கெய்ன்ஸ் என்பவரை மணந்தார். அடுத்த ஆண்டு அவர்களுக்கு ஒரு மகன் பிறந்தான்.

சோடா மூடி தந்த பாடம்

1890-களில் ஜில்லெட் பணியாற்றிய நிறுவனம், பாட்டில்களுக்கான மூடிகளைத் தயாரித்து வந்தது. அதன் தலைவர் வில்லியம் பெயின்டர், இன்று உலகமெங்கும் புழங்கும் சோடா மூடியைக் கண்டுபிடித்தவர். விளிம்பில் மடிப்புகளும் உட்புறத்தில் மெல்லிய தக்கையும் கொண்ட அந்தத் தகர மூடிக்கு 1892-ஆம் ஆண்டு காப்புரிமை வழங்கப்பட்டது. பாட்டிலைத் திறந்ததும் தூக்கி எறியப்படும் அந்தச் சிறு பொருள், பெயின்டருக்குப் பெரும் செல்வத்தை ஈட்டித் தந்தது.

ஒருமுறை பயன்படுத்திவிட்டு எறியக்கூடிய பொருளைக் கண்டுபிடித்தால் வாடிக்கையாளர் மீண்டும் மீண்டும் தேடி வருவார் என்று பெயின்டர் அவருக்கு அறிவுரை கூறினார். அந்த யோசனை ஜில்லெட்டின் மனத்தில் ஆழப் பதிந்தது. அகர வரிசைப்படி மனிதருக்குத் தேவையான பொருள்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்து, எதைப் பயன்படுத்தி எறியும் பொருளாக மாற்றலாம் என்று அவர் ஆராய்ந்ததாகச் சொல்லப்படுகிறது. பல ஆண்டுகள் எதுவும் பிடிபடவில்லை.

நயாகராவில் ஒரு மாநகரக் கனவு

இதே காலத்தில் அவர் மனத்தில் முற்றிலும் வேறான ஓர் எண்ணமும் வளர்ந்துகொண்டிருந்தது. விற்பனைப் பயணங்களில் அவர் கண்ட காட்சிகள் அவரை உறுத்தின. ஒரே பொருளை ஒரே ஊரில் பத்துப் பேர் விற்கப் போட்டியிடுவதும், அதில் ஒன்பது பேரின் உழைப்பு வீணாவதும், வேலையின்மையும் வறுமையும் அவருக்குப் பெரும் விரயமாகத் தோன்றின.

1894-ஆம் ஆண்டு அவர் மனித குலத்தின் போக்கு பற்றிய தமது முதல் நூலை வெளியிட்டார். நாட்டின் தொழில்கள் யாவும் மக்கள் அனைவருக்கும் உரிமையான ஒரே நிறுவனத்தின் கீழ் வரவேண்டும் என்பது அந்நூலின் கருத்து. அமெரிக்க மக்களில் பெரும்பாலோர் நயாகரா நீர்வீழ்ச்சிக்கு அருகில் அமையும் ஒரே மாநகரில் வாழலாம் என்றும், தேன்கூட்டின் அறைகள் போல அறுகோண அமைப்பில் அடுக்குமாடிக் குடியிருப்புகளைக் கட்டலாம் என்றும், நீர்வீழ்ச்சியிலிருந்து பெறும் மின்சாரம் அனைவருக்கும் போதுமானது என்றும் அவர் வரைபடங்களுடன் விளக்கினார். அந்த நகருக்கு மெட்ரோபொலிஸ் என்று பெயரிட்டார்.

நயாகராவில் பெரிய நீர்மின் நிலையம் செயல்படத் தொடங்கியது 1895-ஆம் ஆண்டில்தான். அதற்கு ஓராண்டு முன்பே ஒரு விற்பனைப் பிரதிநிதி இத்தகைய திட்டத்தைத் தீட்டியது வியப்புக்குரியது. ஆனாலும் அந்நூல் நாட்டில் எந்த மாற்றத்தையும் ஏற்படுத்தவில்லை. போட்டியே கூடாது என்று எழுதியவர், மறுநாள் காலையில் மூடிகளை விற்பதற்காகப் பையைத் தூக்கிக்கொண்டு புறப்பட வேண்டியிருந்தது.

மழுங்கிய கத்தியின் முன்

அக்காலத்தில் முகச்சவரம் எளிய காரியமாக இருக்கவில்லை. மடக்கிவைக்கும் நீண்ட சவரக்கத்தியே பெரும்பாலும் பயன்பாட்டில் இருந்தது. ஒவ்வொரு முறையும் அதைத் தோல்பட்டையில் தீட்ட வேண்டும். சில வாரங்களுக்கு ஒருமுறை சாணைக்கல்லில் கூர் ஏற்ற வேண்டும். கை சற்றுத் தவறினாலும் முகத்தில் ஆழமான வெட்டு விழும். ஆகவே பலரும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் நாவிதரிடம் சென்று மழித்துக்கொண்டனர்.

பாதுகாப்பு ரேசர் என்ற கருத்தும் அப்போது புதிதன்று. கத்தியின் விளிம்பு தோலில் ஆழப் பதியாதபடி காப்புச் சட்டம் பொருத்தும் முயற்சி, 18-ஆம் நூற்றாண்டிலேயே பிரான்ஸ் நாட்டின் ழான் ழாக் பெரே என்பவரால் மேற்கொள்ளப்பட்டது. மண்வெட்டி போலக் கைப்பிடிக்குக் குறுக்கே அலகு அமைந்த ரேசரை 1847-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் வில்லியம் ஹென்சன் வடிவமைத்தார். 1880-ஆம் ஆண்டு நியூயார்க்கின் கேம்ஃபி சகோதரர்கள் ஸ்டார் என்ற பெயரில் பாதுகாப்பு ரேசரை விற்கத் தொடங்கினர். ஆனால், இவற்றிலெல்லாம் தடித்த அலகே பயன்பட்டது. அதையும் தீட்டியாக வேண்டும். சாணை பிடித்தாக வேண்டும்.

1895-ஆம் ஆண்டு கோடைக்காலக் காலை ஒன்றில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் புரூக்லைனில் உள்ள தம் வீட்டில் ஜில்லெட் சவரம் செய்யத் தொடங்கினார். கத்தி மழுங்கியிருந்தது. தோல்பட்டையில் எத்தனை முறை தீட்டியும் பயனில்லை. சாணை பிடிப்பவரிடம் கொடுத்தாக வேண்டிய நிலை. அந்தக் கணத்தில், தாம் பல ஆண்டுகளாகத் தேடிவந்த பொருள் தம் கையிலேயே இருப்பதை அவர் உணர்ந்தார்.

சவரம் செய்வது கத்தியின் விளிம்பு மட்டுமே. எஞ்சிய எஃகு முழுவதும் அந்த விளிம்பைத் தாங்குவதற்காகவே உள்ளது. அப்படியானால், தாங்கும் வேலையை வேறொரு பிடிப்பானிடம் ஒப்படைத்துவிட்டு, விளிம்பை மட்டும் மெல்லிய தகட்டில் அமைத்தால் போதும். தகட்டின் இருபுறமும் கூர் ஏற்றலாம். மழுங்கியதும் எறிந்துவிட்டுப் புதியதைப் பொருத்திக்கொள்ளலாம். தீட்டும் வேலையும் இல்லை; சாணையும் இல்லை. ஜில்லெட்டின் எண்ணம் இவ்வாறு உருப்பெற்றது.

மீன் கடையின் மேல்மாடி

எண்ணம் எளிது, செய்முறை கடினம். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தின் வல்லுநர்கள் உட்பட அவர் அணுகியோர் அனைவரும் கைவிரித்தனர். மெல்லிய எஃகுத் தகட்டைக் கடினப்படுத்தச் சூடேற்றிக் குளிர்விக்கும்போது அது நெளிந்துவிடும். நெளிந்த தகட்டில் சீரான கூர் ஏற்ற முடியாது என்பதே அவர்கள் கூறிய காரணம். தமக்குத் தொழில்நுட்பப் பயிற்சி இருந்திருந்தால் அப்போதே முயற்சியைக் கைவிட்டிருப்பேன் என்ற பொருள்பட ஜில்லெட் பின்னாளில் எழுதினார்.

6 ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. நண்பர்களும் உறவினரும் அவருடைய முயற்சியைக் கேலியாகவே பார்த்தனர். பகலில் மூடி விற்பனை, எஞ்சிய நேரத்தில் எஃகுத் தகடுகளுடன் சோதனை என்று நாள்கள் நகர்ந்தன.

திருப்பம் 1901-ஆம் ஆண்டில் வந்தது. அதே கல்வி நிறுவனத்தில் பயின்று வெளியேறிய பொறியாளர் வில்லியம் எமெரி நிக்கர்சன், நண்பர்கள் வழியாக ஜில்லெட்டுக்கு அறிமுகமானார். முதலில் தயங்கிய அவர், பின்னர் இது இயலக்கூடியதே என்ற முடிவுக்கு வந்தார். மெல்லிய தகடுகளைக் கடினப்படுத்தவும் அவற்றின் விளிம்புகளுக்குக் கூர் ஏற்றவும் தேவையான இயந்திரங்களை அவர் வடிவமைத்தார். கருத்து ஜில்லெட்டுடையது என்றால், அதைத் தொழிற்சாலையில் நிகழச் செய்தவர் நிக்கர்சன்.

1901-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. பாஸ்டன் துறைமுகத்தை ஒட்டிய பகுதியில், ஒரு மீன் கடையின் மேல்மாடியில் பணிகள் தொடங்கின. அடுத்த ஆண்டு நிறுவனத்துக்கு ஜில்லெட்டின் பெயர் சூட்டப்பட்டது. நிக்கர்சன் என்ற பெயர், ஆங்கிலத்தில் சிறு வெட்டுக்காயத்தைக் குறிக்கும் சொல்லை நினைவூட்டியதால், சவரக் கருவிக்கு அது பொருந்தாது என்று கருதப்பட்டதாகவும் கூறுவதுண்டு.

பணத்தட்டுப்பாடு விரைவிலேயே நிறுவனத்தை நெருக்கியது. கடன் ஏறியது. மூடும் நிலைக்கு வந்தபோது, பாஸ்டன் தொழிலதிபர் ஜான் ஜாய்ஸ் முதலீடு செய்ய முன்வந்தார். நிறுவனம் பிழைத்தது. அதே வேளையில், அதன் கட்டுப்பாடு மெல்ல மெல்ல ஜில்லெட்டின் கையிலிருந்து நழுவத் தொடங்கியதும் அப்போதுதான்.

முதல் ஆண்டில் 51 ரேசர்கள்

1903-ஆம் ஆண்டு விற்பனை தொடங்கியது. அவ்வாண்டு விற்றவை 51 ரேசர்களும் 168 பிளேடுகளும் மட்டுமே. ரேசரின் விலை 20 பிளேடுகளுடன் சேர்த்து 5 டாலர். அன்றைய அமெரிக்கத் தொழிலாளியின் வாரக் கூலியில் அது ஏறத்தாழப் பாதி. மாற்று பிளேடுகள் 20 கொண்ட பொட்டலம் 1 டாலருக்கு விற்கப்பட்டது.

குடும்பத்தைக் காக்க மாதச் சம்பளம் தேவைப்பட்டதால், ஜில்லெட் 1904-ஆம் ஆண்டு தம் பழைய நிறுவனத்தின் பணிக்காக லண்டன் செல்ல நேர்ந்தது. தம் பெயரைத் தாங்கிய நிறுவனம் வளரத் தொடங்கிய வேளையில், அவர் கடல் கடந்து சோடா மூடி விற்கும் பணியில் இருந்தார். வெளிநாட்டு விற்பனை உரிமையை நிறுவனம் வேறொருவருக்குக் கொடுக்க முனைவதை அறிந்து, அதைத் தடுப்பதற்காக அவ்வாண்டே நாடு திரும்பினார்.

அதே 1904-ஆம் ஆண்டில் விற்பனை 90,000 ரேசர்களைக் கடந்தது. நவம்பர் 15-ஆம் தேதி அமெரிக்கக் காப்புரிமையும் வழங்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் கனடா, பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி ஆகிய நாடுகளிலும் நிறுவனம் கால் பதித்தது. 1915-ஆம் ஆண்டில் பிளேடு விற்பனை 7 கோடியைத் தாண்டியது.

ரேசரைக் குறைந்த விலைக்குக் கொடுத்து பிளேடில் லாபம் பார்ப்பதே ஜில்லெட்டின் வணிக உத்தி என்று மேலாண்மை வகுப்புகளில் கூறப்படுவது வழக்கம். முதல் 17 ஆண்டுகளுக்கு அது பொருந்தாது. காப்புரிமை நடப்பில் இருந்தவரை, அந்நிறுவனம் ரேசரை உயர்ந்த விலைக்கே விற்றது.

ஒவ்வொரு பிளேடு உறையிலும் மீசையுடன் கூடிய ஜில்லெட்டின் உருவப்படமும் கையொப்பமும் இடம்பெற்றன. போலிகளைத் தடுக்கும் நோக்கில் அச்சிடப்பட்ட அந்தப் படம், அவரை உலகின் மிகப் பரிச்சயமான முகங்களுள் ஒன்றாக்கியது. மொழி தெரியாத தொலைதூர நாடுகளிலும் மக்கள் அவரை அடையாளம் கண்டு, முகம் மழிப்பது போலச் சைகை காட்டி மகிழ்ந்ததாகச் சொல்வதுண்டு.

பெயர் இருந்தது, பிடி இல்லை

வெளியே புகழ் வளர்ந்தபோது, நிறுவனத்துக்குள் ஜாய்ஸுக்கும் ஜில்லெட்டுக்கும் இடையிலான மோதலும் வளர்ந்தது. 1910-ஆம் ஆண்டு வாக்கில் ஜில்லெட் தம் பங்குகளின் பெரும்பகுதியை ஜாய்ஸிடம் விற்றார். அதற்கு ஏறத்தாழ 9 லட்சம் டாலர் பெற்றார் எனக் கூறப்படுகிறது. தலைவர் என்ற பட்டம் மட்டும் 1931 வரை அவரிடம் இருந்தது. முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை.

கையில் பணமும் ஓய்வும் கிடைத்ததும் அவர் பழைய கனவுக்குத் திரும்பினார். 1910-ஆம் ஆண்டு உலக நிறுவனம் என்ற தமது திட்டத்தை வெளியிட்டார். அதற்குத் தலைமை ஏற்க, பதவிக்காலம் முடிந்திருந்த முன்னாள் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டுக்கு 10 லட்சம் டாலர் தர முன்வந்தார். ரூஸ்வெல்ட் அதை ஏற்கவில்லை. 1924-ஆம் ஆண்டு எழுத்தாளர் அப்டன் சின்க்ளேரின் உதவியுடன் மக்கள் நிறுவனம் பற்றிய மற்றொரு நூலை வெளியிட்டார். அதுவும் பெரிய கவனத்தைப் பெறவில்லை.

போட்டியற்ற சமுதாயத்தைப் பற்றி எழுதிய அவருடைய நூல்களை வாங்கியோர் சிலர்; போட்டியில் வென்ற அவருடைய பிளேடை வாங்கியோர் பல கோடி. இந்த முரண் அவருடைய வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது.

போர்வீரர்களின் பையில்

1917-ஆம் ஆண்டு அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. பதுங்கு குழிகளில் தூய்மை காக்கவும், நச்சுவாயு முகமூடி முகத்தோடு இறுகப் பொருந்தவும் வீரர்கள் தாடியின்றி இருக்க வேண்டியிருந்தது. அமெரிக்க அரசு 35 லட்சம் ரேசர்களையும் 3 கோடிக்கும் மேற்பட்ட பிளேடுகளையும் ஜில்லெட் நிறுவனத்திடமிருந்து வாங்கி வீரர்களுக்கு வழங்கியது.

போர் முடிந்து ஊர் திரும்பிய இளைஞர்கள், தாமே தினமும் சவரம் செய்துகொள்ளும் பழக்கத்தையும் உடன் கொண்டுவந்தனர். அதுவரை நாவிதர் கடையில் வாரத்துக்குச் சில முறை நடந்த காரியம், வீட்டுக் கண்ணாடி முன் நாள்தோறும் நடக்கும் கடமையாக மாறியது.

1921-ஆம் ஆண்டு அடிப்படைக் காப்புரிமை முடிவுக்கு வந்தது. இனி யார் வேண்டுமானாலும் அதே வடிவில் ரேசர் தயாரிக்கலாம். அதை எதிர்கொள்ள, நிறுவனம் மேம்படுத்திய புதிய வகையை 5 டாலருக்கும், பழைய வகையை 1 டாலருக்கும் விற்கத் தொடங்கியது. போட்டி வந்த பிறகே ரேசரின் விலை எளியோர் கைக்கு எட்டியது.

சரிவின் ஆண்டுகள்

1920-களின் இறுதியில் ஹென்றி கெய்ஸ்மன் என்பவரின் ஆட்டோஸ்ட்ராப் நிறுவனத்துடன் புதிய பிளேடு வடிவம் தொடர்பாகக் காப்புரிமை வழக்கு மூண்டது. 1930-ஆம் ஆண்டு இரு நிறுவனங்களையும் இணைப்பதென முடிவாயிற்று. இணைப்பின்போது கணக்குகள் தணிக்கை செய்யப்பட்டன. அதற்கு முந்தைய 5 ஆண்டுகளில் ஜில்லெட் நிறுவனம் தன் லாபத்தை ஏறத்தாழ 1.2 கோடி டாலர் மிகைப்படுத்திக் காட்டியிருந்தது தெரியவந்தது. பங்கு விலை சரிந்தது. நிறுவனத்தின் கட்டுப்பாடு கெய்ஸ்மன் வசம் சென்றது. 1931-ஆம் ஆண்டு ஜில்லெட் தலைவர் பதவியிலிருந்து விலகினார்.

கலிபோர்னியாவில் குடியேறியிருந்த அவர், நிலங்களில் பெரும் தொகையை முதலீடு செய்திருந்தார். கலபாசஸ் பகுதியில், புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் வாலஸ் நெஃப்பின் வடிவமைப்பில் 1928-ஆம் ஆண்டு பெரிய மாளிகை ஒன்றை எழுப்பினார். 1929-ஆம் ஆண்டின் பங்குச் சந்தை வீழ்ச்சியும் அதைத் தொடர்ந்த பெருமந்தமும் நிலத்தின் மதிப்பையும் பங்கின் மதிப்பையும் ஒருசேரக் கரைத்தன. 1932-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் தேதி, 77-ஆம் வயதில் கிங் ஜில்லெட் காலமானார். அவருடைய செல்வத்தில் பெரும்பகுதி அதற்குள் கரைந்துவிட்டிருந்தது.

அவருடைய மாளிகையும் சுற்றியுள்ள நிலமும் இன்று அவர் பெயரிலேயே பொதுமக்கள் உலாவும் பூங்காவாக உள்ளன. அனைவருக்கும் உரிமையான நகரைக் கனவு கண்டவரின் உடைமைகளுள், அந்த நிலமாவது பொதுச்சொத்தாக ஆகியுள்ளது.

இந்தியாவில் பிளேடு

ஜில்லெட்டின் மறைவுக்குப் பிறகும் அவருடைய வடிவம் வளர்ந்தது. 1960-களின் தொடக்கத்தில் பிரிட்டனின் வில்கின்சன் ஸ்வோர்ட் நிறுவனம் துருப்பிடிக்காத எஃகு பிளேடை அறிமுகப்படுத்தியது. ஜில்லெட் நிறுவனமும் 1963-இல் அவ்வழியைப் பின்பற்றியது. 1971-ஆம் ஆண்டு அந்நிறுவனம் இரட்டை பிளேடு கொண்ட கார்ட்ரிட்ஜ் ரேசரைக் கொண்டுவந்தபோது, மேலை நாடுகளில் பழைய ரேசர் மெல்லப் பின்வாங்கியது. 2005-ஆம் ஆண்டு ஏறத்தாழ 5,700 கோடி டாலர் மதிப்பில் பிராக்டர் அண்டு கேம்பிள் நிறுவனம் ஜில்லெட்டை வாங்கியது.

இந்தியாவில் நிலைமை வேறாக இருந்தது. மல்ஹோத்ரா குடும்பத்தினரின் டோபாஸ் போன்ற உள்நாட்டு பிளேடுகள் சிற்றூர்க் கடைகள் வரை சென்று சேர்ந்தன. முடிதிருத்தகங்களில் பிளேடை இரண்டாக உடைத்து, பாதியைக் கைப்பிடியில் பொருத்திச் சவரம் செய்யும் முறை நிலைபெற்றது. எய்ட்ஸ் விழிப்புணர்வுப் பிரசாரத்துக்குப் பிறகு, ஒவ்வொருவருக்கும் புதிய பிளேடு என்பதை வாடிக்கையாளர்களே கேட்டுப் பெறத் தொடங்கினர். தையற்காரர் தையல் பிரிக்கவும், மாணவர் பென்சில் சீவவும் அதே பிளேடு உதவியது. சலிப்பூட்டும் பேச்சுக்குத் தமிழர்கள் பிளேடு என்றே பெயரிட்டுவிட்டனர்.

1984-ஆம் ஆண்டு ஜில்லெட் நிறுவனம் இந்தியக் கூட்டு முயற்சி ஒன்றின் மூலம் நாட்டுக்குள் நுழைந்தது. ராஜஸ்தானின் பிவாடியில் தொழிற்சாலை அமைந்தது. பின்னாளில் இந்தியாவுக்காக உருவாக்கிய ஒரு ரேசரை, அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் பயிலும் இந்திய மாணவர்களிடம் அந்நிறுவனம் சோதித்துப் பார்த்தது. அவர்கள் பாராட்டினர், இந்தியச் சந்தையோ ஏற்கவில்லை. அமெரிக்காவில் குழாய் நீரில் அலசி முடியை அகற்றிய மாணவர்களின் அனுபவம், ஒரு குவளை நீரில் சவரம் முடிக்கும் இந்தியருக்குப் பொருந்தவில்லை. பின்னர் நிறுவன ஆய்வாளர்கள் இந்திய வீடுகளுக்கே சென்று பார்த்து உருவாக்கிய ஜில்லெட் கார்டு, 2010-ஆம் ஆண்டு 15 ரூபாய் விலையில் வெளிவந்தது.

மீண்டும் பழைய ரேசர்

அண்மை ஆண்டுகளில் உலகின் பல பகுதிகளில் இருபுறக் கூர் ரேசருக்கு இளைஞர்கள் திரும்பி வருகின்றனர். கார்ட்ரிட்ஜ்களின் விலை ஒரு காரணம். அவை சேர்க்கும் பிளாஸ்டிக் குப்பை மற்றொரு காரணம். ஒருமுறை வாங்கும் உலோக ரேசர் பல ஆண்டுகள், சில வீடுகளில் இரு தலைமுறைகள் கூட உழைக்கிறது. பிறகு செலவு பிளேடுக்கு மட்டுமே.

அதன் இயக்கம் 1904-ஆம் ஆண்டுக் காப்புரிமையில் உள்ளபடியே பெரிதும் தொடர்கிறது. மேல்மூடிக்கும் காப்புத் தட்டுக்கும் இடையில் பிளேடு வைக்கப்படுகிறது. கைப்பிடியைத் திருகியதும் மெல்லிய தகடு சற்றே வளைந்து விறைப்புப் பெறுகிறது. முகத்தை நன்கு நனைத்து, நுரை பூசி, ஏறக்குறைய 30 பாகைச் சாய்வில் ரேசரைப் பிடித்தால், அதன் எடையே போதுமானது. அழுத்தம் தேவையில்லை. முடி வளரும் திசையில் மெதுவாக இழுப்பது எரிச்சலைக் குறைக்கிறது. பயன்படுத்திய பிளேடுகளைக் குப்பையில் வெறுமனே எறியாமல், மூடிய தகர டப்பாவில் சேர்த்துவைப்பது துப்புரவுப் பணியாளர்களின் கைகளைக் காக்கும்.

இன்று எந்த நாட்டின் பிளேடும் எந்த நிறுவனத்தின் ரேசரிலும் பொருந்துகிறது. 1921-ஆம் ஆண்டோடு அந்த வடிவம் எவருக்கும் தனியுரிமை அல்லாததாகிவிட்டது. எண்ணற்ற உற்பத்தியாளர்கள் ஒருவரோடொருவர் போட்டியிட்டதால்தான், வாரக் கூலியில் பாதியை விழுங்கிய பொருள் ஒரு தேநீரைவிடக் குறைந்த விலைக்கு இறங்கியது. மனிதத் துன்பங்களுக்கெல்லாம் வேர் என்று கிங் ஜில்லெட் கருதிய அதே போட்டியே, அவருடைய கண்டுபிடிப்பை எளிய மனிதரின் கண்ணாடி முன் கொண்டுசேர்த்தது என்பது குறிப்பிடத்தக்கது.